பொறுப்பதிகாரியோடு வரவும்

“அப்ப பல்லை நான் தின்னுட்டேன்னு சொல்றீங்களா?”

“தின்னேன்னு சொன்னேனா? நீ கூட்டிக் குப்பையில போட்டுட்டேன்னுதான் சொன்னேன்!”

“உங்க வாயில இருந்த பல்லு என் வெளக்கமாத்துக்கு எப்பிடீங்க வரும்? வாயை மூடி வச்சிருந்தா அது ஏன் விழுது?”

“ஏய் ஐரின், வாய்க்கு வந்தபடி பேசாத!”

“உங்க வாயைப் பத்தித்தானே பேசுறேன்!”

நான் ஒட்டுக்கேட்கிற ஆளில்லை. அம்பிட்டிய வீதியிலிருந்து கீழே இறங்கும் எங்கள் லேனில், சுவக்கின் வீட்டுக் குசினிச் சன்னலுக்கும் என் குசினிச் சன்னலுக்கும் நடுவில் நாலடிதான் இடைவெளி. கட்டினவன் செய்த பிழைக்கு நான் காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்? அன்று செவ்வாய்க்கிழமை. சத்தம் தெருவுக்கே கேட்கிற கட்டத்துக்கு வந்ததும் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு சண்டை பார்க்கப் போவது எனக்குப் பழக்கமில்லை.

மேசையில் மூன்று பல் இருந்த ஒரு பிளாஸ்டிக் பல் கட்டு, ஒரு படிவம், ஒரு தடித்த வெள்ளைப் புத்தகம். மேசைக்கு இந்தப் பக்கம் சுவக்கின், அந்தப் பக்கம் அவர் மனைவி ஐரின். மகள் தினுஷா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“மெட்டில்டாக்கா, நீங்களே கேளுங்க,” என்றாள் ஐரின். இதற்குத்தான் நான் போனது.

சுவக்கின் கண்டி-தெல்தெனிய பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கொண்டக்டராக இருந்து பென்சன் எடுத்தவர். “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க” என்று அவர் பின்கதவில் நின்று கத்தினால் முன்கதவில் நிற்கிறவர் இறங்கியே விடுவாராம். அப்படிப்பட்ட தொண்டையில் நாலு மாதமாக ஓர் இருமல். எக்ஸ்-ரே எடுத்தார்கள். வலது பக்க நுரையீரலில், கீழே, ஒரு நிழல். என்ன நிழல் என்று தெரிய வேண்டுமானால் மூச்சுக்குழாய்க்குள் கமரா வைத்த ஒரு குழாயை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அதற்குத் திகதி கிடைக்க இரண்டரை மாதம் காத்திருந்தார். அந்தத் திகதி மறுநாள், புதன்கிழமை.

திகதியோடு கொடுத்ததுதான் அந்தப் புத்தகம். கொடுத்தது மலைநாட்டு மார்புநோய்ப் போதனா நிலையம். அட்டையில் “சுவாசக்குழல் அகநோக்கற் செயன்முறைக்கு உட்படுத்தப்படும் நோயாளர் அறிந்திருக்க வேண்டிய இருபத்தேழு விடயங்கள்” என்றிருந்தது. அட்டையைத் திருப்பினால் கோட்டுப் போட்ட ஒருவர் நாடா வெட்டுகிறார். கீழே, “திரு. நவரட்ணராஜா, பிரதிப் பணிப்பாளர், நோயாளர் அறிவூட்டல் பிரிவு.” குழாயின் படத்தை எங்கே தேடியும் காணவில்லை.

சண்டை பன்னிரண்டாம் இலக்கத்தில் தொடங்கியிருந்தது. “செயற்கைப் பற்கள் எண்ணப்பட்டு, தொகை படிவத்தில் குறிக்கப்பட்டு, கையளிக்கப்படல் வேண்டும்.” சுவக்கின் ஞாபகத்தில் இருந்தபடி ‘4’ என்று மையால் எழுதிவிட்டார். பிறகு கழற்றிப் பார்த்தால் மூன்று. நாலாவது பல் தை மாதம் தெல்தெனியச் சந்தைக்குப் போய் வரும் வழியில், பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்த நேரம், கச்சான் கடலை தின்றுகொண்டிருந்த வாயிலிருந்து உடைந்து போனது. சீட்டுக்குக் கீழே தேடினார், சட்டைப் பைக்குள் தேடினார். கடைசியில் வீட்டில் விழுந்திருக்கும், ஐரின் கூட்டியிருப்பாள் என்று முடிவு செய்துகொண்டார். படிவத்தின் அடியில் வேறு, “வெட்டித் திருத்திய படிவங்கள் ஏற்கப்படா” என்று போட்டிருந்தது.

“ஒரு பல்லுக்காகவா திருப்பி அனுப்பப் போறாங்க?” என்றேன்.

“அனுப்புவாங்கக்கா. போன வாரம் கம்பளைப் பக்கத்து ஆள் ஒருத்தரை, கையெழுத்துப் பெட்டிக்கு வெளியில போயிருச்சின்னு திருப்பிட்டாங்க. இனி அவருக்கு ஆடி மாசம்.” சுவக்கின் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி அதுவரை நான் பார்த்ததில்லை. “எங்கப்பாவுக்கும் நெஞ்சில நிழல்னுதான் சொன்னாங்க. ரெண்டரை மாசம்தான் இருந்தாரு. இருபத்தேழையும் ஒண்ணு விடாம செஞ்சிட்டுப் போயிரணும்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. எப்படியும் பத்தொன்பதாம் இலக்கம் வரும்வரை சிரிக்கவில்லை.

பத்தொன்பது: “குருதி உறைவெதிரிகள் இருப்பின் முன்கூட்டியே அறிவிக்கப்படல் வேண்டும்.”

“இரத்த உறவுல எதிரிங்க இருக்காங்களான்னு கேக்குறான்,” என்றார் சுவக்கின். “இரத்தம் ஏத்த வேண்டி வந்தா அவங்ககிட்ட எடுத்துறக் கூடாதுல்ல.” பேனையை எடுத்து, “சாந்தகுமார், மச்சான், கட்டுகஸ்தோட்டை” என்று எழுதினார்.

“என் தம்பி உங்களுக்கு எதிரியா?” என்று ஐரின் எழும்பினாள். அந்தச் சண்டையை நான் எழுதவில்லை. பக்கம் போதாது.

ஏழாம் இலக்கம் இப்படி: “செயன்முறைக்கு முந்திய இரவு பத்து மணி தொடக்கம் வாய்வழிச் செயற்பாடுகள் யாவும் தவிர்க்கப்படல் வேண்டும்.”

“சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்கப்பா,” என்றாள் தினுஷா.

“சாப்பாடுன்னா சாப்பாடுன்னு எழுதத் தெரியாதா அந்தப் படிச்ச மனுசனுக்கு? ‘யாவும்’னு போட்டிருக்கான். பேச்சும் வாய்வழிதானே?”

ஐரின் இந்த இடத்தில் வாதாடவே இல்லை. “பெரியவங்க எழுதினா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

பிறகு ஒன்பதாம் இலக்கம். “நோயாளி, பொறுப்பதிகாரி ஒருவரின் துணையுடன் சமுகமளித்தல் வேண்டும். செயன்முறையின் பின்னர் இருபத்துநான்கு மணித்தியாலம் அவரது கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.”

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் வாழ்க்கையில் பொறுப்பதிகாரி என்ற சொல்லை ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறோம். அது பொலிஸ் நிலைய வாசலில், மூன்று பாஷைப் பலகையில்.

தினுஷா டவுனில் ஒரு புத்தகக் கடையில் கணினியில் வேலை செய்கிறவள். எதையும் கேட்டு உறுதிப்படுத்தாமல் நம்ப மாட்டாள். நிலையத்துக்குப் போன் எடுத்தாள். ஒன்றை அழுத்து என்றது, மூன்றை அழுத்து என்றது, பாட்டுப் போட்டது. இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரல் வந்து, “புத்தகத்தில உள்ளபடி செய்யுங்க” என்று சொல்லி வைத்துவிட்டது.

பின்னேரம் அவளும் நானும் பொலிஸுக்குப் போனோம். சம்பல் கொண்டு போகவில்லை.

பொறுப்பதிகாரி நல்ல மனிதர், சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாததால் புத்தகத்தை ஓர் இளம் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். கஜேந்திரன் என்று பெயர். வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. அவன் ஒன்பதாம் இலக்கத்தை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னான். பொறுப்பதிகாரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இருபத்தொரு வருட சேவையில் களவெடுத்த மாடு, உடைத்த பூட்டு, பிடிபட்ட லொறி எல்லாம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்,” என்றார். “நுரையீரல் ஒப்படைப்பது இதுதான் முதல் முறை. சுகாதாரத் துறை எங்களை எவ்வளவு நம்புகிறது பாருங்கள்! நானே வருவேன். ஆனால் நாளைக்கு யாரோ ஒரு பெரியவர் தலதா மாளிகைக்கு வருகிறார், வீதி மூட வேண்டும். இவனை என் சார்பில் அனுப்புகிறேன்.”

பெரிய புத்தகத்தில் பதிவு விழுந்தது. கஜேந்திரன் எங்களுக்கு மொழிபெயர்த்துக் காட்டினான்: “சுவக்கின், வயது அறுபத்தொன்று. விடயம்: நுரையீரல். காவல்: இருபத்துநான்கு மணித்தியாலம்.”

“அப்பா ஒண்ணும் செய்யலீங்க,” என்றாள் தினுஷா, பாவம்.

“அது தெரியும் மிஸ். ஆனா அந்தப் பெட்டியில ஏதாவது எழுதத்தான் வேணும்,” என்றான் அவன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு த்ரீவீலர் வந்தது. தினுஷாவும் நானுமாக ஐந்து பேரும் அதற்குள்ளேயே நெருக்கி ஏறினோம். சுவக்கின் கொட்டாவி விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் ஒரு பெரிய கைலேஞ்சியால் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். பக்கத்தில் சீருடையில் கஜேந்திரன். ட்ரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “மஹத்தயா, என்ன கேஸ்?” என்று கேட்டான். சுவக்கினின் கண்ணில் இருபத்தெட்டு வருடக் கோபம் எழும்பியது. எழும்பி, ஏழாம் இலக்கத்தில் முட்டி, அப்படியே உட்கார்ந்தது. ஐரின் மறுபக்கம் திரும்பி, வெளியே மரம் செடியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு வந்தாள்.

மலைநாட்டு மார்புநோய்ப் போதனா நிலையம் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. நல்ல காற்று வேண்டுமென்று அங்கே கட்டினார்களாம். போக நூற்றுப் பன்னிரண்டு படி. மூச்சு விட முடியாதவர்கள் எல்லாரும் அதில் ஏறித்தான் மூச்சு விட முடியவில்லை என்று சொல்ல வேண்டும். லிப்ட் இருக்கிறது, அதில் “கோப்புகளுக்கு மட்டும்” என்று எழுதியிருக்கிறது. நாங்கள் அறுபதாவது படியில் இளைத்துக்கொண்டு நின்றபோது ஒரு கட்டுக் கோப்பு எங்களைத் தாண்டி மேலே போனது.

கருமபீடத்தில் இருந்த பிள்ளை, “பெயர்?” என்றாள்.

“சுவக்கின்,” என்றாள் ஐரின்.

“நீங்க சொல்லக் கூடாது. நோயாளி சொந்த வாயால சொல்லணும்.”

சுவக்கின் புத்தகத்தைத் திறந்து ஏழாம் இலக்கத்தில் விரலை வைத்தார். பிள்ளை வாசித்தாள். எழும்பினாள். உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் அட்டையில் நாடா வெட்டிய அந்தக் கோட்டே நடந்து வந்தது.

“எங்க அந்த மனுசன்?” என்றார் நவரட்ணராஜா. சுவக்கினின் தாடைக் கட்டைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பதினொரு வருசமா இந்தப் பிரிவை நடத்துறன். இருபத்தேழு விடயத்தையும் வாசிச்ச முதல் நோயாளி நீங்கள்தான் ஐயா! இந்தப் புத்தகத்தைத் தமிழாக்கினது நான். கீழ ஆக்களிட்டக் குடுத்திருந்தா ‘சாப்பிடாதேங்கோ’ எண்டு எழுதியிருப்பினம். அது அரச கரும மொழியோ? ஒரு நிலையத்துக்கு ஒரு தரம் இருக்கு. வாசிச்ச உடன விளங்கினா, அதில என்ன மரியாதை?”

“சேர், அப்ப உள்ள கூட்டிட்டுப் போகலாங்களா?” என்றாள் ஐரின்.

“ஓம், ஓம். அறிவூட்டற் சோதினை ஒண்டு இருக்கு. அஞ்சு கேள்வி. பதில் சொன்ன உடன அனுப்பலாம்.”

“எழுதிக் குடுத்தாப் போதுமா?”

“ஏலாது. வாய்மூலம். எழுத்தில எண்டா பக்கத்தில இருக்கிறவையைப் பாத்து எழுதிப்போடுவினம்.”

சுவக்கின் மறுபடியும் விரலை ஏழில் வைத்தார். நவரட்ணராஜா யோசித்தார். தன் புத்தகத்தைத் தானே வாங்கி வாசித்தார். கடைசியில், மிகவும் வருத்தமாக, அவருக்கு விளங்கியது.

“அப்ப வாயைத் திறக்கலாம்னு நீங்களே சொல்லிருங்க சேர்,” என்றாள் ஐரின்.

“தாராளமாத் திறக்கலாம். திறந்தா, ஏழாம் இலக்கம் மீறப்பட்டது எண்டு நான் எழுத வேணும். எழுதினா இண்டைக்குச் செய்ய ஏலாது.”

“திறக்காட்டி?”

“அறிவூட்டப்படாதவர். அப்பவும் செய்ய ஏலாது.”

“அப்ப இம்மட்டு நாளும் எல்லாருக்கும் எப்பிடிச் செஞ்சீங்க?” என்று நான் கேட்டேன்.

“அவையில ஒருத்தரும் ஏழாம் இலக்கத்தை வாசிக்கேல்லை அம்மா,” என்றார். “எங்கட நிலையத்தில நோயாளர் அறிவு தொண்ணூற்றெட்டு வீதம். கொழும்பில இருந்து வந்து பாராட்டிப் போட்டுப் போனவை.”

“எப்பிடி அளந்தீங்க?”

“அச்சடிச்ச புத்தகம் எத்தினை, குடுத்தது எத்தினை எண்டு.”

அடுத்த திகதி ஆடி இருபத்தொன்பது, இன்னும் இரண்டரை மாதம் கழித்து, என்று எழுதுவதற்குப் பேனையை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். சுவக்கின் வாங்கில் உட்கார்ந்தார். தன் பழைய திகதித் துண்டின் பின்பக்கத்தில் என்னவோ எழுதி ஐரினிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். “அப்பாவுக்கும் ரெண்டரை மாசம்தான்.” ஐரின் அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து இருந்த அந்தப் புன்னகை போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் நபீல். அவருக்கு அன்று இரண்டாவது தடவையாம். இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுவக்கின் பக்கம் சாய்ந்தார்.

“அண்ணே, அந்தப் பொஸ்தகத்த மூடிவெச்சுட்டு நான் செல்றதக் கேளுங்க. ஆறு மணித்தியாலம் ஒண்டும் திங்காம குடிக்காம வரச் செல்லி ஈக்கி, அவ்வளவுதான் அந்த ஏழு. உள்ளுக்குப் போனதும் கையில ஊசி ஒண்டு போடுவாங்க, தூக்கம் மாதிரி வரும். தொண்டைக்கு மருந்து விசிறுவாங்க, சும்மா வேப்பெண்ண மாதிரிக் கசக்கும், பொறகு தொண்டையே இல்லாத மாதிரி ஈக்கும். பென்சிலை விட மெல்லிசான குழாய் ஒண்ட மூக்கால, இல்லாட்டி வாயால உடுவாங்க. இருமல் வரும், பயப்புட வாணாம், மூச்சு விடேலும். அரை மணித்தியாலம் கூட ஆகாது. முடிஞ்சதும் ரெண்டு மணித்தியாலம் தண்ணி கேக்காதீங்க. தொண்ட மரத்துப்போய் ஈக்கக்குள்ள குடிச்சா புழையான பக்கம் போகும். எச்சிலோட கொஞ்சம் ரத்தம் வந்தா பரவால்ல. கனக்க வந்தா, காய்ச்சல் வந்தா, நெஞ்சு குத்தினா ஒடனே வரணும். ரத்தம் ஐதாக்குற குளிசை குடிக்கிறீங்களா?”

சுவக்கின் இல்லை என்று தலையாட்டினார்.

“அதான் பத்தொம்பது. ஊட்டுக்குக் கூட்டிப் போக ஒராள் வேணும், அண்டைக்கு வண்டி ஓட்டக் கூடாது. அதான் ஒம்பது. இதுக்குப் போய் பொலிஸ்காரரையா கூட்டி வந்தீங்க?”

இருபத்தேழு விடயத்தையும் ஒரு துணி வெட்டுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். சுவக்கின் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நபீலிடம் முத்திரை இல்லையே.

அந்த நேரம் நவரட்ணராஜா திகதித் துண்டோடு திரும்பி வந்தார். அதுவரை தூணோடு தூணாக நின்ற கஜேந்திரன் முன்னுக்கு வந்து சல்யூட் அடித்தான். “சேர், நான் எந்த இடத்தில ஒப்பம் வைக்கோணும்?”

நவரட்ணராஜா சீருடையைப் பார்த்தார். சுவக்கினின் தாடைக் கட்டைப் பார்த்தார். முகம் வெளித்தது. “இவர் காவலில இருக்கிறவரோ? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! தடுத்து வைக்கப்பட்ட நோயாளருக்கு அறிவூட்டல் தேவையில்லை. பொறுப்பதிகாரி அறிஞ்சிருந்தாப் போதும். றோஸ் படிவம்!”

“சேர், இவர் கைதியில்லை, உங்கட ஒன்பதாம் இலக்கத்தில...” என்று கஜேந்திரன் தொடங்கினான். நல்ல பிள்ளைகளிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது. தினுஷா அவன் சப்பாத்தை மிதித்தாள். அவர்கள் இரண்டு பேரும் முதன்முதலாகத் தொட்டுக்கொண்டது அப்போதுதான் என்று பிற்பாடு கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன்.

“கைதிதானுங்க சேர்,” என்றாள் ஐரின்.

“எவ்வளவு காலம்?”

“முப்பத்தோரு வருசமுங்க.”

“ஐயோ, ஆயுள் தண்டனையோ?” என்றார் நவரட்ணராஜா, சுவக்கினை இரக்கமாகப் பார்த்து. சுவக்கினுக்குக் கலியாணமாகி அப்போது முப்பத்தொரு வருடம். ஆமாம் என்று தலையாட்டினார்.

கஜேந்திரன் தன் கொப்பியை எடுத்துப் பார்த்தான். ‘காவல்: இருபத்துநான்கு மணித்தியாலம்’ என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. பொய்யில்லை. ஒப்பம் வைத்தான்.

பிறகு தாதி மிஸ் வந்து பல் கட்டை வாங்கினாள். படிவத்தில் நாலு, கையில் மூன்று. “ஒண்ணு எங்கே?” மறுபடியும் எல்லாம் நின்றுவிடும் போலிருந்தது. ஐரின் என்னைப் பார்த்தாள், நான் மேலே பார்த்தேன். கஜேந்திரன் மட்டும் கலங்கவில்லை. படிவத்தை வாங்கி, ஓரத்தில் அழகாக எழுதினான்: “நாலாவது பல் தொடர்பாக விசாரணை நடைபெறுகிறது.” தாதி வாசித்துவிட்டுத் திருப்தியாக முத்திரை குத்தினாள்.

உள்ளே நடந்தது கஜேந்திரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காவலில் உள்ளவரைத் தனியே விடக் கூடாது என்று அவனுக்கும் பச்சைச் சட்டை ஒன்று மாட்டி உள்ளே நிறுத்திவிட்டார்கள். டொக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், சிங்களப் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசுவாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, இந்த சாந்தகுமார் எத்தனை மில்லிகிராம்? காலையிலயா, இரவிலயா?” என்று கேட்டாளாம். சுவக்கின் கையால் என்னவோ காட்டினார். “மாமாவுக்குப் பேச்சு வராதா?”

“ஏழாம் இலக்கம், டொக்டர்,” என்றான் கஜேந்திரன்.

அவள் புத்தகத்தைப் பார்த்திருக்கவே இல்லை. கேட்டதும் முதலில் சிரித்தாள், பிறகு கோபம் வந்தது. சுவக்கினின் தலைக் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். “மாமா, பேசலாம். சாப்பிடறது மட்டும்தான் கூடாது. நான் இப்ப என்ன செய்யப் போறேன்னு சொல்றேன், சரியா?” என்று நபீல் சொன்னதையே அவளும் சொன்னாள். செய்யட்டுமா என்று கேட்டாள். பத்தரை மணித்தியாலம் அடக்கி வைத்த மனிதர், “செய்யுங்க மகள், ஆனா அந்தக் கோட்டுக்காரனை...” என்று வாயை முழுதாகத் திறந்தார். “அப்படியே வச்சிருங்க,” என்று அவள் தொண்டைக்கு மருந்தை விசிறிவிட்டாள்.

அவர் சொல்ல வந்த மீதி என்னவென்று இன்று வரை தெரியவில்லை.

திரையில் எல்லாம் தெரிந்ததாம். றோஸ் நிறத்தில் ஒரு சுரங்கம், அது இரண்டாகப் பிரிகிறது, வலது பக்கம் கீழே இறங்குகிறது. கடைசியில், சதை வீங்கி மூடிய ஓர் இடுக்கில், மஞ்சள் பாய்ந்து ஒன்று உட்கார்ந்திருக்கிறது. டொக்டர் குழாயை நிறுத்தினாள். சின்ன இடுக்கி ஒன்றை அதற்குள்ளாலே விட்டாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை வெளியே வந்தது.

“விசாரணை முடிஞ்சுது,” என்றான் கஜேந்திரன்.

வெளியே வந்து டொக்டர் எங்களுக்கு விளக்கினாள். இது பிளாஸ்டிக் பல், எக்ஸ்-ரேயில் தெரியாது. தெரிந்த நிழல் அதற்குப் பின்னால் கட்டின சளியும் கிருமியும். சதையில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறது, ஆனால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. குளிசை குடித்துவிட்டு ஆறு கிழமையில் வாருங்கள் என்றாள். ஐரின் அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் கூட்டிக் குப்பையில போட்டேன்னாரே! நான் கூட்டினேன்னாரே, மெட்டில்டாக்கா!” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். கொண்டு போன பிளாஸ்கில் இருந்த பிளேன்டீயை இரண்டு பேரும் குடித்தோம்.

சுவக்கின் மயக்கம் தெளிந்து சொன்ன முதல் வார்த்தை, “முன்னுக்குப் போங்க.” வார்டில் இரண்டு பேர் உண்மையாகவே நகர்ந்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் இலக்கத்தின் பின்பாதி இருக்கிறதே: இருபத்துநான்கு மணித்தியாலம் கண்காணிப்பு. பெரிய புத்தகத்திலும் பதிந்தாயிற்று. ஆகவே கஜேந்திரன் சுவக்கினைப் படி இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் அறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு மணித்தியாலம் முடியும்வரை ஐரினை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க விடவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கொப்பியில் எழுதினான். “பிற்பகல் 4.00: நோயாளி கஞ்சி குடித்தார். 5.00: நோயாளி மனைவியோடு சண்டை. நிலைமை வழமைக்குத் திரும்பியது.” அந்த இருபத்துநான்கு மணித்தியாலத்தில் தினுஷா ஏழு முறை தேத்தண்ணி கொண்டு போனாள். நான் நாலு முறை சம்பல் கொண்டு போனேன். கொப்பியில் இந்த இரண்டும் எழுதப்படவில்லை.

சதைத் துணுக்கின் அறிக்கை நல்லபடி வந்தது. ஆறு கிழமையில் நிழலும் போனது. மார்பு நிலையத்தில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் வந்தது. டொக்டர் பிள்ளை முறைப்பாடு எழுதினாளாம், அதை ஏற்று ஒன்பதாம் இலக்கம் தெளிவாக்கப்பட்டிருக்கிறது: “பொறுப்பதிகாரி (பொலிஸ்).” இப்போது எல்லா நோயாளியும் பொலிஸோடு வருகிறார்கள், எல்லாருக்கும் றோஸ் படிவம், ஒருவரும் தோற்பதில்லை. நோயாளர் அறிவு நூறு வீதமாகிவிட்டது. நவரட்ணராஜாவைப் பதவி உயர்த்திக் கொழும்புக்கு எடுத்துவிட்டார்கள். இனி முழு நாட்டுக்கும் அவர்தான் எழுதுவார். நபீல் சுகமாகிக் கடையில் இருக்கிறார். தினுஷாவின் கூறைச் சேலை அவரிடம்தான் எடுத்தோம். சாந்தகுமாரும் கலியாணத்துக்கு வந்தான். தன்னை மில்லிகிராமில் கேட்டார்கள் என்ற கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஒன்பது வருடக் கோபம் போய்விட்டது.

கலியாணம் மார்கழிக்கு முன்னம், சைவமும் கிறிஸ்தவ வேதமுமாக இரண்டு முறையிலும் நடந்தது. மாப்பிள்ளையின் பொறுப்பதிகாரி சாட்சிக் கையெழுத்து வைத்தார். பெட்டிக்கு வெளியில்தான் போனது. யாரும் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த மாதமே கஜேந்திரனுக்கு மாற்றம் வந்து, தினுஷாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டான். போகும்போது ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பல். வெளியே அவன் கையெழுத்தில், “சான்றுப்பொருள் 1.” அது அலுமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர்தான். ஆனாலும் சத்தம் குறையவில்லை. என் குசினிச் சன்னல் அதற்குச் சாட்சி. ஆனால் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகும்போது ஐரின் ஒன்றும் பேசுவதில்லை. அந்த வெள்ளைப் புத்தகத்தைக் குசினிச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறாள். எழும்பிப் போய் ஏழாம் இலக்கத்தில் விரலை வைக்கிறாள். சுவக்கின் வாயை மூடிக்கொள்கிறார்.

முதல் பதிப்பு. எனக்கும் ஒன்று கேட்டு வாங்க நிலையத்துக்குப் போனேன், தீர்ந்துவிட்டதாம்.